திரைக்குள் ஒரு முகவரி: தொலைக்காட்சித் தொடர்களின் வீடுகளும் ரசிகர்களின் குடியேறும் விருப்பமும்

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வீடுகளுள் எதில் குடியிருக்க விருப்பம் என்று ரசிகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுநாளைய வழக்கமாக இருந்துவருகிறது. பொழுதைப் போக்கும் விளையாட்டாகவே இக்கேள்வி பெரும்பாலும் கருதப்பட்டாலும், விடையோடு சேர்ந்து வரும் காரணங்களைச் செவிமடுத்தால் அதன் கனம் புலப்படும். அறைகளின் எண்ணிக்கை, கூரையின் உயரம், தோட்டத்தின் பரப்பு முதலியன அக்காரணங்களில் ஓரளவுக்கே இடம்பெறுகின்றன. அந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள், கதவைத் தட்டாமலே உள்ளே வரும் உரிமை யாருக்கு உண்டு, வேலை முடிந்து திரும்பும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்குமா என்பவையே அவற்றுள் முதன்மை பெறுகின்றன. இன்ன வீடு வேண்டும் என்று சொல்லும் ரசிகர், பிறரோடு வாழ்வதற்கான சில நிபந்தனைகளையே கேட்கிறார் என்பதும், நகரங்களின் வீட்டுவசதி அந்நிபந்தனைகளைப் பலருக்கும் எட்டாதவையாக ஆக்கிவிட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்விருப்பம் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய, தொலைக்காட்சி வீடு கட்டப்படும் முறையிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1951 அக்டோபரில் சி.பி.எஸ். ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடருக்கு, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் இயக்கி, நேரில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்கள் முன்னிலையில் காட்சியைப் படச்சுருளில் பதிவு செய்தார். பின்னர் வந்த எண்ணற்ற நகைச்சுவைத் தொடர்கள் பின்பற்றிய இம்முறைக்கு, செட்டின் ஒரு பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஆகவே வீடு மூன்று சுவர்களோடு நிற்கிறது. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராக்களும் அவற்றின் பின்னால் பார்வையாளர் வரிசைகளும் அமைகின்றன. சோபா சுவரோடு ஒட்டாமல் அறையின் நடுவில் திறந்த பக்கத்தைப் பார்த்துப் போடப்படுகிறது. சாப்பாட்டு மேசையில் எத்தனை பேர் அமர்ந்தாலும் கேமராவுக்கு முதுகு காட்டும் பக்கம் பெரும்பாலும் காலியாகவே விடப்படுகிறது. வாசற்கதவு, மாடிப்படி, அடுக்களைக்குச் செல்லும் வழி ஆகியவை ஒரே பார்வையில் தெரியுமாறு வைக்கப்படுவதால், வீட்டுக்குள் வருபவர் யாராக இருந்தாலும் எல்லோர் கண்ணிலும் பட்டே தீர வேண்டியிருக்கிறது.

மேசையில் காலியாக விடப்படும் அந்தப் பக்கம் பார்வையாளருக்குரியது என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர், வாரந்தோறும், பல ஆண்டுகளுக்கு, ஒரு குடும்பத்தின் உணவு மேசையில் மீந்திருக்கும் இருக்கையிலிருந்து அவர்களைக் கண்டுவருகிறார். டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், திரையில் தோன்றுவோரோடு பார்வையாளர் கொள்ளும் இத்தகைய உறவை, அதாவது ஒரு தரப்பு மற்றொரு தரப்பை நெருங்கி அறிந்திருக்க, மறுதரப்புக்கு இவர் இருப்பதே தெரியாத உறவை, தனியொரு சமூக உறவாகவே வகைப்படுத்தினர். அவர்கள் கவனம் செலுத்தியது திரையில் தோன்றும் ஆளுமைகளின் மீதுதான். எனினும் அதே உறவு இடத்தின் மீதும் படர்கிறது என்று கொள்ளத் தடையில்லை; ஏனெனில் தொடர் முடிந்து நடிகர்கள் மூப்படைந்த பின்னும், மறுஒளிபரப்பில் அந்தச் சோபா அதே நிறத்தில் அதே இடத்தில் கிடக்கிறது.

இவ்வாறு உருவாகும் வீடுகளுக்கு முகவரி உண்டு, நிலந்தான் இல்லை. லூசி குடும்பத்தின் முகவரியாகச் சொல்லப்பட்ட கிழக்கு 68-ஆம் தெரு 623 என்ற எண், நியூயார்க் நகரின் கணக்குப்படி ஈஸ்ட் ஆற்றுக்குள் விழும். அறைகளும் இப்படித்தான்: வெவ்வேறு அத்தியாயங்களில் தனித்தனியே காட்டப்படும் அறைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சன்னல் மற்றொரு அறையின் சுவருக்குள் திறப்பதும், மாடிப்படி கூரைக்கு வெளியே முடிவதும் உண்டு. இக்குறைகளைக் கண்டபின் ரசிகர்கள் விலகிச் செல்லாமல் அவற்றைச் சரிசெய்ய முனைந்தனர் என்பது வியந்து நோக்கத்தக்கது. அஞ்சல் ஊழியராகப் பணிபுரிந்த மார்க் பென்னட் என்ற அமெரிக்க ஓவியர், பழைய தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவற்றின் வீடுகளுக்குக் கட்டடப் பொறியாளர் வரைவது போன்ற தள வரைபடங்களை வரைந்தார். அவை 1996-இல் நூலாகவும் வந்தன. காட்டப்படாத தாழ்வாரம் எங்கே இருந்திருக்கும், துணி துவைக்கும் அறைக்கு எந்த வழியாகப் போயிருப்பார்கள் என்று ஒருவர் கணக்கிடுகிறார் என்றால், அந்த வீட்டுக்குள் நடந்து திரியும் உரிமை தமக்கு உண்டு என்று அவர் உணர்ந்திருக்கிறார் என்றே பொருள்.

கற்பனை வீட்டை மண்ணில் எழுப்பிப் பார்த்த முயற்சிகளுள் ‘தி பிரேடி பன்ச்’ வீட்டின் கதை விரிவாகப் பேசத்தக்கது. 1969 முதல் 1974 வரை ஒளிபரப்பான இத்தொடர், மூன்று ஆண் பிள்ளைகளை உடைய தந்தையும் மூன்று பெண் பிள்ளைகளை உடைய தாயும் மறுமணம் செய்துகொண்டு ஒரே வீட்டில் வாழ்வதைச் சொல்லியது. வீட்டின் உட்புறம் பாரமவுண்ட் படப்பிடிப்புத் தளத்தில் போடப்பட்ட செட்; வெளிப்புறத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஸ்டுடியோ சிட்டி பகுதியில் டில்லிங் தெருவில் உள்ள ஒரு குடியிருப்பு வீட்டின் முகப்பு படமாக்கப்பட்டது. செட்டின்படி வீட்டுக்கு முழுமையான மாடி உண்டு, முகப்பிலோ அது இல்லை. எனவே மாடி இருப்பதாகத் தோன்றும்படி முகப்புச் சுவரில் ஒரு போலிச் சன்னலைப் பொருத்திப் படம் பிடித்தனர். ஆறு பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட அந்தக் குளியலறையில் இரண்டு கைகழுவும் தொட்டிகள் காட்டப்பட்டன, கழிப்பறைக் கோப்பை காட்டப்படவில்லை என்பதும் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி.

அந்த முகப்பு வீடு 2018-இல் விற்பனைக்கு வந்தபோது உரிமையாளர் தரப்பு கேட்ட விலை சுமார் 18.85 லட்சம் டாலர். வீட்டுப் புனரமைப்பு நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் எச்.ஜி.டி.வி. அதை 35 லட்சம் டாலருக்கு வாங்கியது. தொடரில் பிள்ளைகளாக நடித்த ஆறு பேரும் வரவழைக்கப்பட்டு, வீட்டின் உட்புறத்தைப் பழைய செட்டின் அச்சாக மாற்றும் பணி 2019-இல் தனித் தொடராகவே ஒளிபரப்பப்பட்டது. தெருவிலிருந்து தெரியும் தோற்றம் மாறக்கூடாது என்பதால் ஏறத்தாழ 2,000 சதுர அடி பின்புறமாகச் சேர்க்கப்பட்டது. மிதக்கும் படிகளைக் கொண்ட மாடிப்படியும் ஆரஞ்சு, பச்சை வண்ணங்களில் அமைந்த அடுக்களையும் முதன்முறையாக நான்கு சுவர்களுக்குள் நின்றன. நான்காண்டுகள் கழித்து, 2023-இல், அவ்வீடு 32 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ரசிகர்களின் நெடுநாள் ஏக்கத்தை அங்குலம் பிசகாமல் நிறைவேற்றிய கட்டடம், குடும்பம் நடத்தும் வீடாக மாறாமல், பார்த்துப் போற்றப்படும் காட்சிப்பொருளாகவே நிலைத்துவிட்டது. எட்டுப் பேரும் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணும் ஓயாமல் ஏறி இறங்கிய மாடிப்படி அது. அந்த நெரிசலே வீடாக இருந்ததால், நெரிசல் இல்லாத படிக்கட்டு எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டாலும் மரவேலையாகவே எஞ்சுகிறது.

இதனினும் தெளிவான சான்று நெவாடா மாநிலத்தின் ஹெண்டர்சன் நகரில் கிடைக்கிறது. ‘தி சிம்ப்ஸன்ஸ்’ என்ற கேலிச்சித்திரத் தொடரின் குடும்பம் வாழும் வீட்டை, 1997-இல், ஒரு கட்டுமான நிறுவனம் நான்கு படுக்கையறைகளோடு ஏறத்தாழ 2,200 சதுர அடியில் அப்படியே கட்டி எழுப்பியது. சித்திரத்தில் உள்ள அழுத்தமான வண்ணங்களே சுவர்களுக்கும் அறைகலன்களுக்கும் பூசப்பட்டன. தொடரை ஒட்டி நடந்த போட்டி ஒன்றின் பரிசாக அவ்வீடு அறிவிக்கப்பட்டிருந்தது. போட்டியில் வென்றவரோ வீட்டை ஏற்காமல், அதற்கு மாற்றாக அளிக்கப்பட்ட 75,000 டாலரைப் பெற்றுக்கொண்டார். வாழும் ஊரையும் அக்கம்பக்கத்தையும் விட்டுவிட்டு, தொலைவில் உள்ள ஒரு பாலைவன நகரில், யாரும் இல்லாத மஞ்சள் வீட்டில் குடியேறுவது ஒருவருக்கு என்ன தரக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் அம்முடிவின் நியாயம் விளங்கும். அக்குடியிருப்புப் பகுதியின் விதிகளுக்கு ஏற்ப, வீட்டின் வெளிச்சுவர்கள் பின்னர் அண்டை வீடுகளைப் போன்ற வண்ணத்துக்கு மாற்றப்பட்டன.

வெளிப்புறத்துக்காக மட்டும் படமாக்கப்பட்ட வீடுகளில் உண்மையாகவே குடியிருப்போரின் நிலையையும் இங்குச் சொல்லாமல் விடுவது முறையாகாது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் 2010-ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில் நாயகன் சினத்தில் எறியும் பீட்சா கூரைமேல் போய் விழுகிறது. ஆல்புகெர்க்கி நகரில் உள்ள அந்த வீட்டுக்கு வரும் ரசிகர்களும் கூரைமேல் பீட்சா எறியத் தொடங்கினர். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் 2015-இல் பகிரங்கமாக வேண்டிக்கொண்டும் பயனில்லாமல், 2017-இல் வீட்டார் இரும்புவேலி அமைத்தனர். ரசிகர் அந்த வீட்டைத் தமக்கு வெகுகாலம் பழக்கமானதாக உணர்கிறார். உள்ளிருக்கும் குடும்பத்துக்கு அவர் முன்பின் அறியாத ஆள். ஹார்ட்டனும் வோலும் விளக்கிய ஒருவழி உறவு, ஒரு குடும்பத்தின் வாசலில் இவ்வாறு துன்பமாக இறங்குகிறது. அக்குடும்பத்தின் பக்கம் நிற்பதே நேர்மை.

விசித்திரமான வீடுகளை விரும்புவோர் தனி வகையினர். சார்லஸ் ஆடம்ஸ் வரைந்த கேலிச்சித்திரங்களிலிருந்து எழுந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’, அதன் சமகாலத் தொடரான ‘தி மன்ஸ்டர்ஸ்’ ஆகிய இரண்டும் 1964 முதல் 1966 வரை ஒளிபரப்பாயின. இரண்டிலும் சிலந்தி வலை படர்ந்த இருண்ட மாளிகைகளே வீடுகள். டெக்சாஸ் மாநிலத்தின் வாக்ஸாஹாச்சி ஊரில் மன்ஸ்டர் மாளிகையின் நகலைக் கட்டி அதிலேயே வாழும் அளவுக்கு ஈடுபாடு கொண்டோரும் உளர். ஊர் முழுவதும் தங்களைக் கண்டு விலகினாலும், வீட்டுக்குள் ஒருவரையொருவர் மாறச் சொல்லாத குடும்பம் என்பதே இம்மாளிகைகளின் ஈர்ப்பு. மன்ஸ்டர்கள் வீட்டின் முகப்பு, யூனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்திலேயே உருமாற்றப்பட்டு, பின்னாளில் ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ தொடரின் ஒழுங்கான புறநகர் வீதியில் ஒரு வீடாக நின்றது.

பலரும் விரும்பும் வீடாக அடிக்கடி சொல்லப்படுவது, 1994 முதல் 2004 வரை ஒளிபரப்பான ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் மோனிக்கா வாழும் ஊதாச் சுவர் வீடு. தொடரின் தயாரிப்பு வடிவமைப்பாளர் ஜான் ஷாஃப்னர் தேர்ந்த அந்த ஊதா நிறம், தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டே போகும் ஒருவருக்கு எந்தத் தொடர் என்பதை ஒரு கணத்தில் உணர்த்திவிடும். சமையற்காரராக இருந்தும் இல்லாமலும் காலம் தள்ளும் ஓர் இளம்பெண்ணுக்கு மன்ஹாட்டனில் இவ்வளவு பெரிய வீடு எப்படிக் கிடைத்தது என்ற ஐயத்துக்குத் தொடரே விடை சொல்கிறது: வீடு அவள் பாட்டியின் பெயரில் உள்ளது, வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அதாவது சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் பழைய குடித்தனக்காரரிடம் வாடகையை விருப்பப்படி உயர்த்த முடியாதபடி சட்டம் காக்கும் வீடு, அதில் பேத்தி தங்கியிருப்பது விதிமீறல். கதைக்கு வசதியாகச் சேர்க்கப்பட்ட காரணம் என்று இதைக் கடந்து செல்வோர் உண்டு. உண்மையில் தொடரின் மகிழ்ச்சி முழுவதும் இக்காரணத்தின் மேல்தான் நிற்கிறது. வாடகை மலிவாக இருப்பதால் மோனிக்கா நகரின் நடுவில் தங்க முடிகிறது. அவள் அங்கே நிலையாகத் தங்குவதால் எதிர்வீட்டு நண்பர்கள் காலுறையோடு நடைவழியைக் கடந்து வந்து அவள் குளிர்பதனப் பெட்டியைத் திறக்க முடிகிறது. வாடகை ஏறியிருந்தால் தொடரின் நண்பர்கள் ஆறு பேரும் ஆறு பகுதிகளுக்குச் சிதறியிருப்பார்கள். மாதத்துக்கொரு முறை நாள் குறித்துச் சந்திக்கும் பழக்கமே மிஞ்சியிருக்கும். அமெரிக்காவில் தனியொருவர் மட்டுமே வாழும் வீடுகள் 1940-இல் மொத்தக் குடித்தனங்களில் 7.7 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் 27.6 விழுக்காடு. தனித்து வாழ்வோர் அனைவரும் வருந்துகிறார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் எதிர்க்கதவுக்குப் பின்னால் நண்பர் இருக்கும் வீட்டை ஏராளமானோர் விரும்பிச் சுட்டுவதை இந்த எண்களிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இந்த அணுக்கத்தை ஒலியாலேயே காட்டிய தொடர் ‘தி வால்டன்ஸ்’. பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் வர்ஜீனியா மலைப்பகுதியில் வாழும் ஒரு பெரிய குடும்பத்தைப் பற்றிய இத்தொடரின் அத்தியாயங்கள், இருளில் நிற்கும் மரவீட்டின் வெளித்தோற்றத்தோடு முடிவது வழக்கம். அறைக்கு அறை ஒருவர் மற்றவருக்கு இரவு வணக்கம் சொல்வது மட்டும் கேட்கும். எரிந்துகொண்டிருக்கும் சன்னல் விளக்கும் அணைந்துவிடும். சுவர்கள் மெல்லியவை, தனிமை என்பதே இல்லை, பணமும் இல்லை. அப்படியிருந்தும் அவ்வீட்டைத் தேர்வோர் இருக்கிறார்கள் என்றால், அழைத்தால் மறுமொழி வரும் தொலைவில் ஒருவர் இருப்பதற்கு அவர்கள் தரும் மதிப்பு அத்தகையது.

மாளிகைகளைத் தேர்வோர் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. 2010 முதல் 2015 வரை ஒளிபரப்பான ‘டவுன்டன் ஆபி’யின் மாளிகை, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் கோட்டை. மேல்தளக் கூடங்கள் அங்கேயே படமாக்கப்பட்டன. பணியாளர்களின் அடுக்களையும் உணவறையும் லண்டனின் ஈலிங் படப்பிடிப்புத் தளத்தில் போடப்பட்ட செட்டுகள். ஆகவே தட்டை ஏந்திக்கொண்டு படியேறும் பணியாளர், கீழ்ப்படியில் ஒரு கட்டடத்திலும் மேற்படியில் பல கல் தொலைவில் உள்ள மற்றொரு கட்டடத்திலும் இருக்கிறார். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, எல்லோருக்கும் முன்னால் எழும் டெய்சி என்ற அடுக்களைச் சிறுமி, விடிவதற்குள் அறை அறையாகச் சென்று கணப்பு மூட்டுகிறாள். படுக்கையில் இருப்பவர் விழிக்காதபடி ஓசையின்றி அவள் அதைச் செய்ய வேண்டும். அம்மாளிகையில் வாழ விரும்புவோர் ஏறக்குறைய எல்லோரும் விழிக்கும்போது அறை சூடாக இருக்கும் இடத்திலேயே தம்மை வைத்துப் பார்க்கிறார்கள். ஹைகிளியர் போன்ற மாளிகைகளில் மேல்தளப் படுக்கையறைகளுக்கு உரியவர்களை விட அடித்தளத்துக்கும் கூரையடி அறைகளுக்கும் உரியவர்களே எண்ணிக்கையில் மிகுந்திருந்தனர். எனவே எந்த வீடு என்ற கேள்வி, அவ்வீட்டில் எந்தப் படுக்கை என்பதையும் சேர்த்துக் கேட்கப்படும்போதுதான் முழுமையடைகிறது. பிரேடி குடும்பத்தின் பணிப்பெண் ஆலிஸ் அடுக்களையை ஒட்டிய சிற்றறையில் உறங்கினாள் என்பதையும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளலாம்.

பணியாளரும் எசமானரும் இல்லாமல், மணவுறவும் இரத்த உறவும் முதன்மையாகாமல் அமைந்த வீடு ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரில் வருகிறது. 1985 முதல் 1992 வரை ஒளிபரப்பான இத்தொடரில், கணவரை இழந்தோ மணமுறிவு பெற்றோ நடுவயதைக் கடந்த மூன்று பெண்களும், அவர்களுள் ஒருத்தியின் தாயும் மியாமி நகரில் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நள்ளிரவில் உறக்கம் வராமல் ஒவ்வொருத்தியாக அடுக்களைக்கு வருவதும், சீஸ்கேக்கை நடுவில் வைத்துக்கொண்டு மரணம், பணம், பிள்ளைகளின் பாராமுகம் ஆகியவற்றைப் பேசித் தீர்ப்பதும் தொடரின் வழக்கமான காட்சி. அந்த மேசையிலும் ஒரு பக்கம் காலியாக இருக்கும். நால்வருக்கு மூன்று நாற்காலிகளே தெரியும் காட்சிகள் அதில் பல.

இவ்வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முதிய பெண்கள் கேட்பது கதையில் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றன்று. பல இடங்களில் அதற்குத் தடையாக நிற்பது நிலப் பயன்பாட்டு விதிதான். ஒரு பகுதியை ஒற்றைக் குடும்ப வீடுகளுக்கு மட்டும் ஒதுக்கும் இவ்விதிகள், குடும்பம் எது என்பதையும் தாமே வரையறுக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் பெல் டெர் என்ற சிற்றூர், உறவினர் அல்லாதோர் இருவருக்கு மேல் ஒரு வீட்டில் சேர்ந்து வாழக்கூடாது என்று விதித்ததை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவ்விதியின்படி பார்த்தால், தாயும் மகளும் போக மீதமுள்ள இருவரும் சேர்ந்த மியாமி வீடு பெல் டெரில் சட்டவிரோதக் குடித்தனம் ஆகிவிடும்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இச்சிக்கல் சட்டமன்றம் வரை சென்றது. சில மூத்த பெண்கள் தங்கள் சேமிப்பைச் சேர்த்து ஒரு வீட்டை வாங்கி, அதில் ஆளுக்கொரு அறையும் பொதுவான அடுக்களையும் அமைத்து வாழ முனைந்தபோது, உள்ளூர் நிர்வாகத்தின் தடைகளை எதிர்கொள்ள நேர்ந்தது. உறவினர் அல்லாத முதியோர் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்வதை உள்ளூர் அமைப்புகள் நிலப் பயன்பாட்டு விதிகளைக் காட்டித் தடுக்கக்கூடாது என்பதை நோக்கமாகக் கொண்ட மசோதா ஒன்று அம்மாகாணச் சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்டது; அதற்கு இடப்பட்ட பெயர் ‘கோல்டன் கேர்ள்ஸ் சட்டம், 2019’.